ராஜா முட்டை போட்ட கதை

காக்டெய்ல் என்கிற கொண்டைக் கிளி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஆணா பெண்ணான்னு காட்டற டிஎன்ஏ கார்டு அடுத்த வாரம் தரேன் சார்" என்று கடைக்காரர் சொன்னால் பாதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். நான் முழுசாகக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடமாகியும் அந்த அடுத்த வாரம் வரவில்லை. ஆண் என்றார், ராஜா என்று பெயர் வைத்தோம்.

போன மாதம் ஒரு காலை ராஜா கூண்டுத் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு ஒரு தரம் வால் ஏறி இறங்கியது. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். சீட்டு எழுதுகிறவர் கூண்டை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ‘கோழி’ என்று எழுதினார். எடை மேடையில் வைத்தால் பூஜ்யம். நாய்க்கான மேடை, இதையெல்லாம் கண்டுகொள்ளாது. பறவைக்கு மருந்தின் அளவு, அதன் எடையைக் கிராம் கணக்கில் பார்த்துத்தான். எதிரே அடகுக்கடை! தங்கம் நிறுக்கிற தராசில் டப்பாவோடு வைத்துக் கழித்தோம்: 94 கிராம். "இதுக்கு வட்டி எவ்வளவு சார் போடறது?" என்றார் கடைக்காரர்.

எடைச்சீட்டோடு பெருமையாகத் திரும்பினேன். "ஆணா, பெண்ணா?" என்றார் டாக்டர். "ஆண்." கெடுத்தது அந்தச் சொல்தான். சளி என்று சொட்டு மருந்து எழுதினார். அரை நாள் வீண்.

மத்தியானம் சென்னைக்கு, பறவை பார்க்கிற டாக்டரிடம். முன்கூட்டியே போன் செய்தது நல்லதாயிற்று: கூண்டின் அடியில் விரித்த பேப்பரை எச்சத்தோடு கொண்டுவரச் சொன்னார், வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு முட்டை. துணையே இல்லாமல் பெட்டை முட்டையிடுமாம். வெறும் தினையே கொடுத்ததில் கால்சியம் குறைந்து, முட்டையைத் தள்ளத் தசைக்கு வலு இல்லை. கால்சியம் ஊசி, கதகதப்பான பெட்டி, மூன்று மணி நேரம். வந்துவிட்டது! வராமல் போயிருந்தால் ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கம் கொடுத்து, ஊசியால் உள்ளிருப்பதை உறிஞ்சி முட்டையைச் சுருக்கி எடுப்பார்களாம். இத்தனூண்டு உயிருக்கு மயக்க மருந்து!

இப்போது கூண்டில் கால்சியத்துக்காகக் கணவாய் மீன் ஓடு தொங்குகிறது, தினமும் காலையில் கிராம் தராசில் எடை. நெஞ்சு இறகு நாலைந்து பறித்து லேபுக்கு அனுப்பி டிஎன்ஏ கார்டும் வாங்கிவிட்டேன், முட்டையைப் பார்த்த பிறகும். பறவைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டுமே.

நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ ஒரு ஆண் வாங்கிக்கோங்க சார், ஜோடியாயிடும்."