நூறு போய் நூற்றி நாலு

"வெட்டிடு." நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு முன்னால் என்ன பேசினோம், பின்னால் என்ன பேசினோம் என்பதைப் பத்து விதமாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். எப்படி ஓட்டினாலும் அந்த வார்த்தை அங்கேயேதான் வந்து நிற்கிறது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் கேப், காசிமேட்டுக்குப் பக்கத்தில் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது. வண்டியில் மிச்சம் நானும் என் டீமில் வேலை பார்த்த பெண்ணும்தான். எனக்குத் தண்டையார்பேட்டை, அவளுக்குத் திருவொற்றியூர். மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

"அண்ணா, நூறு மீன் விட்டா நூத்தி நாலு உயிரோட வருது."

"வழியில குட்டி போட்டிருக்கும்" என்றேன். டிரைவர்கூடச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மீன் என்றால் அமெரிக்காவில் ஸ்நேக் ஆற்றில் மேலே பிறக்கும் சால்மன் குஞ்சுகள். அவற்றில் எத்தனை பிழைக்கின்றன என்று கணக்குப் போடும் மென்பொருள்தான் எங்கள் வேலை. கடலுக்குப் போக எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். லோயர் கிரானைட்டில் ஆரம்பித்து, கொலம்பியா ஆற்றில் பானவில்லோடு முடியும். ஒவ்வொரு அணையிலும் டர்பைனுக்குள் புகுந்து போகலாம், மதகில் விழுந்து போகலாம், பெரும்பாலான அணைகளில் மீனுக்கென்றே கட்டிய பக்கக் கால்வாயிலும் போகலாம். குஞ்சின் வயிற்றுக்குள் அரிசி மணி அளவில், 12 மில்லிமீட்டர் நீளத்தில், ஒரு சிப் இருக்கும். பேட்டரி கிடையாது. கருவிக்குப் பக்கத்தில் நீந்தினால் மட்டும் தன் எண்ணைச் சொல்லும். பக்கக் கால்வாயில் போன மீன் பதிவாகும். டர்பைனில் போனது ஆகாது, பெரும்பாலான அணைகளில் மதகில் போனதும் ஆகாது. அதனால் ஒரு அணையில் ஆளைக் காணோம் என்றால் செத்துவிட்டது என்று எழுதிவிட முடியாது. கீழே தலை காட்டியவற்றை வைத்து, மேலே எத்தனை நம் கண்ணுக்குத் தப்பின என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். கார்மாக், ஜாலி, செபர் என்று மூன்று பேர் பெயரில் 1960களிலிருந்து இருக்கும் முறை. விடை மதிப்பீடுதான். மீன் நன்றாகப் பிழைத்த இடத்தில் பதிவுகள் குறைவாக இருந்தால், விடை சில சமயம் 1.04 என்று வரும். ஆற்றில் நடக்காது, தாளில் நடக்கும்.

இது எனக்குத் தெரியாது என்றால் பரவாயில்லை. தெரியும். படித்திருந்தேன்.

ஆனால் காலையில் கிளையண்டுக்கு டெமோ. திரையில் 104 சதவீதம் என்று தெரிந்தால் முதல் கேள்வியே அதுதான் வரும், மீதி ஒரு மணி நேரமும் அதிலேயே போகும். அதனால்தான், "ஒண்ணுக்கு மேல போறதை எல்லாம் ஒண்ணுல வெட்டிடு" என்றேன்.

"மேல போறதை மட்டும் வெட்டினா சராசரி இறங்குமேண்ணா? கீழ போறதை நாம தொடலையே."

"சராசரியை யாரும்மா பார்க்கப் போறா?"

லாரி நகர்ந்தது. என் தெரு வந்தது. இறங்கிவிட்டேன். இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி என் வீடு இருந்திருந்தால் அவளுக்குப் பதில் சொல்லியிருப்பேனோ என்று நினைப்பதுண்டு. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. வீடு வந்தது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

டெமோ நன்றாகவே நடந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சும்மா பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஐந்து கூட்டம் மீன் என்று வைத்துக்கொள்வோம்: 0.90, 1.04, 0.96, 1.06, 0.94. சராசரி 0.98. வெட்டினால் 0.96. இரண்டு பைசா வித்தியாசம், போனால் போகட்டும் எனலாம். ஆனால் எட்டு அணைக்கும் அதே எண்ணைப் பெருக்கிக்கொண்டே போனால், நூறில் 85 கடலைப் பார்க்கும் என்பது 72 ஆகிவிடுகிறது. ஒரு மீனையும் தொடாமல் பதின்மூன்று மீனை நான் கொன்றிருக்கிறேன்.

அப்புறம் ஒரு சமாதானம். தப்பு மீன் பக்கம்தானே சாய்ந்தது? ஸ்நேக் ஆற்றின் கீழ்ப்பகுதி அணைகள் நான்கையும் உடைக்க வேண்டும், கூடாது என்று அங்கே பல வருடமாகச் சண்டை. என் கணக்கு அணையைக் கொஞ்சம் கூடுதல் கெட்டவனாகக் காட்டியது, அவ்வளவுதான். எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பல் படிந்த தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது பெரிய பாவமாகப் படவில்லை. இங்கே மடவைக்கு யார் சிப் வைத்து எண்ணினார்கள்? இப்படி நினைத்த இரவுகளில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். ஆனால் வெட்டும்போது நான் மீனை நினைக்கவே இல்லை. டெமோவை நினைத்தேன். அன்றைக்கு எண் வேறு மாதிரி இருந்திருந்தால் அணை பக்கம் சாய்த்தும் வெட்டியிருப்பேன்.

அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து விற்றவள். கூடை பிரித்து எண்ணும்போது குறைந்தால் ஏலக்காரன் ஏழு தலைமுறைக்கும் திட்டு விழும். கூடினால், "தெய்வம் குடுத்தது" என்று முந்தானையால் மூடிவிடுவாள். நான் அதற்கு நேர் எதிராக, கூடினதைப் பிடித்துக் குறைத்திருக்கிறேன். எது யோக்கியம் என்று அம்மாவிடம் கேட்டால் என்னைத்தான் திட்டுவாள்.

அடுத்த வெளியீட்டில் அந்த வரியை எடுத்துவிட்டேன். குறிப்பில் "சிறு திருத்தம்" என்று மட்டும் எழுதினேன். அதற்குள் அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். நீ சொன்னதுதான் சரி என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் எடுத்தேன் என்பதோடு ஏன் போட்டேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் வந்தான். "அண்ணா, ஒரு இடத்துல 1.02 வருது. ஒண்ணுல வெட்டிடவா?"

"வேணாம். அப்படியே விடு."

"ஏன்?"

"கிளையண்ட் அப்படித்தான் கேட்டிருக்கான்" என்றேன்.

கிளையண்ட் எதையும் கேட்கவில்லை.