அம்பை அத்தையும் ப்ளூ சுவிட்சும்

அம்பாசமுத்திரத்துப் பெரிய அத்தையின் கம்ப்யூட்டர் 2009-ல் வாங்கியது. கொஞ்ச காலமாகவே அது தன் இஷ்டத்துக்குத்தான் வேலை செய்துவந்தது. காலையில் பட்டனை அமுக்கிவிட்டு வாசல் தெளித்து, கோலம் போட்டு, மாமாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். தை மாதம் ஒருநாள் அந்த வட்டமும் நின்றது. ரிப்பேர் பார்க்கிற பையன் வந்து மூடியைக் கழற்றினால், ஃபேனுக்குப் பின்னால் ஒரு பல்லி உயிரை விட்டுக் கிடந்தது.

“பல்லி விழுந்த பலன்” என்றார் மாமா, தார்சாவில் இருந்தபடியே. “போனு இருக்குல்லா, அது போதாதாக்கும்? கரண்டு பில்லாவது மிச்சமாவும்.”

போன் போதாது. எங்கள் சாஸ்தா கோயில் வரிக் கணக்கு அத்தையிடம்தான் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊரில் இருந்தாலும் குடும்பத்தோடு சாஸ்தாவைக் கும்பிட வந்துவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். வருகிறவர்கள் வருவார்கள், குடும்பத்துக்கு இவ்வளவு என்கிற தலைக்கட்டு வரி மட்டும் தானாக வராது. பட்டியல் அடித்து, நோட்டீஸ் அடித்து, பாக்கி வைத்தவர்களுக்குக் கடிதம் அடித்து வாங்க வேண்டும். அதையெல்லாம் போனில் ஒற்றை விரலால் தட்டு என்று அத்தையிடம் சொல்வது அவமானப்படுத்துவதற்குச் சமம். ஏனென்றால் அவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். சுற்று வட்டாரத்தில் அரசு வேலைக்குப் போன பலர் அவரிடம் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே’ அடித்து விரல் வீங்கியவர்கள்தான். கோத்ரெஜ் கம்பெனி டைப்ரைட்டர் செய்வதை நிறுத்திவிட்டது என்று 2011-ல் பத்திரிகையில் செய்தி வந்தபோது, பழைய மாணவர்கள் சிலர் அத்தைக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்கள்.

சரி, புதிதாக வாங்கிவிடலாம் என்று முடிவானது. அந்தச் செய்தியைக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டிருக்கவே வேண்டாம்.

அத்தையின் மகன், பெங்களூரு அத்தான், சாஃப்ட்வேரில் இருக்கிறார். அவர் ஒரு எக்செல் தாளையே அனுப்பினார். ஐ7 பிராசஸர், 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி. “எட்டு ஜிபியெல்லாம் இப்பம் எதுக்கும் பத்தாது மாப்ள” என்று குரல் செய்தி வேறு. அந்தத் தாளின் கடைசி வரியில் கிராஃபிக்ஸ் கார்டு என்று இருந்தது. கோயில் வரிக் கணக்குக்குக் கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு என்று தோண்டிப் பார்த்தால், மே மாத லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு வரப்போகிற அவர் மகனுடைய கைவேலை. சென்னைச் சித்தி லேப்டாப் என்றாள். தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி, ஆபீஸ்களில் கழித்த பெட்டி பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கும், பளபளவென்று இருக்கும் என்றார்.

பளபளப்புக்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். அது இல்லாத நல்ல பெட்டிகளை ஆபீஸ்கள் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. துடைத்துவைத்தால் புதுசு மாதிரிதான் தெரியும். அண்ணாச்சியிடம் இதை விளக்கினேன். “விண்டோஸ் எதுக்கு? ஜன்னல் கதவெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார்.

என் கணக்கு எளிமையானது. பழைய பெட்டி தவழ்ந்ததற்குப் பாதிக் காரணம் உள்ளே சுற்றுகிற ஹார்டு டிஸ்க். அதற்குப் பதில் எதுவும் சுற்றாத எஸ்எஸ்டி இருந்தாலே அத்தைக்கு வாசல் தெளிக்க நேரம் இருக்காது. ஐ3 தரத்தில் ஒரு பிராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 24 அங்குலத் திரை. கண்ணில் புரை எடுத்த ஆளுக்கு எழுத்தை 150 சதவீதத்தில் வைத்தால் கண்ணாடியைத் தேட வேண்டாம். அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன்.

“அதெல்லாம் நீ பாத்துக்க. கீபோர்டு நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். கடைப் பையன் முதலில் காட்டியது ஆல்-இன்-ஒன். திரைக்குள்ளேயே எல்லாம் அடக்கம், ஒயர் தொல்லை இல்லை. “உள்ள பல்லி போச்சுன்னா?” என்று கேட்டார் அத்தை. பையன் என்னைப் பார்த்தான். மொத்தத்தையும்தான் சர்வீஸுக்குத் தூக்க வேண்டும் என்றேன். ஆல்-இன்-ஒன் கதை அதோடு முடிந்தது.

அடுத்து லேப்டாப். “ஆச்சி, இது ரொம்ப லேசு, ஒண்ணேகால் கிலோதான்.”

“ஆச்சியா? மேடம்னு சொல்லுல” என்றபடியே அத்தை விரல்களைக் கொண்டுபோய் நடு வரிசையில் வைத்தார். எஃப்பிலும் ஜேயிலும் இருக்கிற சின்ன மேட்டை ஆள்காட்டி விரல்கள் தேடிப் பிடித்தன. நாலு எழுத்து அடித்தார். முகம் மாறியது. “என்னல இது, தொட்டா அப்படியே நிக்கி? விரல் எறங்கவே மாட்டேங்கே.” லேப்டாப் கீ ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர்தான் இறங்கும். மெஷினில் பாடுபட்ட விரலுக்கு அதுவும் பெஞ்சில் தட்டுவதும் ஒன்று. திரையும் குனிந்து பார்க்கிற உயரத்தில் இருந்தது. கழுத்து வலி வரும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் நிமிர்ந்து உட்காராத பிள்ளைகளின் முதுகில் ஸ்கேலால் தட்டியவர் அவர்.

சாதாரண கீபோர்டுகள் வரிசையாக வந்தன. ஒன்று நொளநொள என்றிருக்கிறதாம், இன்னொன்று இரண்டு தரம் அமுங்குகிறதாம். பையன் களைத்துப்போன நேரத்தில் அத்தையின் கண் கண்ணாடி அலமாரிக்குப் போனது. அங்கே ஒரு கீபோர்டு, கோயில் கொடைக்குக் கட்டுகிற சீரியல் செட் மாதிரி சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கை ஓடவிட்டுக்கொண்டிருந்தது.

“அது கேம் ஆடுதவங்களுக்கு மேடம். மெக்கானிக்கல். ப்ளூ சுவிட்ச். சத்தமா இருக்கும்.”

“சத்தம் வருமா? எடு.”

ப்ளூ சுவிட்ச் என்றால் ஒவ்வொரு கீக்கு அடியிலும் தனி ஸ்பிரிங். கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர் இறங்கும், பாதி வழியில் ‘டிக்’ என்று தட்டும். அத்தை நாற்காலியை இழுத்து, முதுகை நிமிர்த்தி, கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். கடையே திரும்பிப் பார்த்தது. திரையில் வந்ததென்னவோ பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான், விரல்கள் தமிழ் மெஷின் ஞாபகத்தில் ஓடியதால். வரி முடிந்ததும் இடது கை தன்னால் மேலே போய், இல்லாத லீவரைத் தள்ளிவிட்டுத் திரும்பியது.

கல்லாவில் இருந்த பெரியவர் ரூபாய் எண்ணுவதை நிறுத்தியிருந்தார். “தமிழ் ஹையர் முடிச்சிருக்கியளோ?”

“முடிக்க வச்சவ.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். பேட்டையில் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் படித்தவராம். அதற்கப்புறம் ரெமிங்டன் மெஷின் கனமா ஃபேசிட் கனமா என்று பேச்சு போனது. நானும் பையனும் டீ குடித்துவிட்டு வந்தோம், அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள். விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை அந்த மனிதர். மவுஸ்பேட் ஒன்று சும்மா கொடுத்தார்.

யூபிஎஸ் சேர்த்து நாற்பத்தாறாயிரம் சொச்சம். யூபிஎஸ் கட்டாயம். பாபநாசத்தில் 1944-லேயே தண்ணீரில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்திலிருக்கும் அத்தை வீட்டில் காற்று பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும். பில்லை வாங்கி அத்தை வரி வரியாகப் படித்தார். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்கிற இடத்தில் விரல் நின்றது.

“தலைக்கட்டுக்கு ஆயிரம் ரூவா கேட்டா மூணு வருசம் இழுக்கானுவ. இவன் வாயத் தொறக்காமலே நூத்துக்குப் பதினெட்டு எடுத்துக்கிட்டானே. அந்த வித்தைய எனக்கும் சொல்லச் சொல்லுல மருமவனே.”

கார் பிடிக்கலாம் என்றேன். சாயங்காலச் செங்கோட்டை வண்டி இருக்கும்போது எதற்குக் கார் என்றார். மானிட்டர் பெட்டிக்கு ஜன்னலோரம் கிடைத்தது, எனக்கு வாசல் பக்கம். கம்பார்ட்மென்டில் ஏறுகிறவர் ஒவ்வொருவரும் கேட்கிற முதல் கேள்வி, “என்ன விலையாச்சு?” அத்தை பேட்டையில் நாற்பத்தைந்து என்றார். சேரன்மகாதேவியில் ஏறிய அம்மாளுக்கு நாற்பது. வீரவநல்லூரில் முப்பத்தாறு. எவ்வளவு குறைத்து வாங்கினோம் என்பதில்தானே இங்கே கெட்டிக்காரத்தனம். அம்பை இன்னும் ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்திருந்தால் கடைக்காரர் எங்களுக்குக் காசு கொடுத்ததாக ஆகியிருக்கும்.

பட்டாசலில் மேசை போட்டு எல்லாவற்றையும் மாட்டினோம். விண்டோஸிலேயே தமிழ்99 என்கிற கீபோர்டு அமைப்பு இருக்கிறது, சுலபம், பழகிக்கொள்ளலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதில் ‘கொ’ வேண்டுமானால் முதலில் க, அப்புறம் ஒ. அத்தையின் கையில் கொம்புதான் முதலில் வரும், பிறகு க, பிறகு கால். மெய்யெழுத்துக்குப் புள்ளியை முதலில் வைத்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்பார். மெஷினில் புள்ளிக் கீயை அடித்தால் தாள் நகராது, அப்படித்தான் பாடம். “புள்ளி வைக்காம எழுத்த அடிச்சுட்டுப் பொறவு புள்ளிக்கு எங்க போவேன்?” என்றார். நியாயம்தான். என்எச்எம் ரைட்டர் என்கிற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு அமைப்பு அப்படியே இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தேன். சனியன், அந்த விளக்கு ஓட்டத்தை நிறுத்துவதற்குத்தான் வழி தெரியவில்லை. மாமா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுக்கப் பழகிவிட்டார்.

பல்லி ஹார்டு டிஸ்க்கைத் தொடவில்லை. பழைய கணக்கெல்லாம் கிடைத்தன. ஆனால் யூனிகோடு என்கிற பொதுக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை என்பதால், புதுத் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தன. எழுத்துரு மாற்றி மென்பொருளை வைத்து யூனிகோடு ஆக்கினேன். ஸ்ரீ வருகிற இடங்கள் மட்டும் உடைந்தன, அத்தை கையால் திருத்தினார். இதில் ஒரு லாபம், இதுவரை வருடத்துக்கு ஒரு ஃபைலாகத் தனித்தனியே கிடந்த கணக்கை ஒரே தாளில் போட்டு, பேரைத் தேடலாம், அகர வரிசையில் அடுக்கலாம், பாக்கித் தொகை வாரியாகவும் அடுக்கலாம்.

பாக்கி வாரியாக அடுக்கினோம். முதல் பெயர் பெங்களூரு அத்தானுடையது. மூவாயிரம்.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, டிக் டிக்கென்று ‘திருவாளர்’ போட்டு ஆரம்பித்து, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிட்டு, உத்திரத்துக்குள் செலுத்தத் தவறினால் நோட்டீஸில் பெயர் இடம்பெறாது என்று முடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, என்னை அனுப்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“எம்மா, கம்ப்யூட்டர் எப்படி ஓடுது? எட்டு ஜிபி போதுதா?”

“உன் மூவாயிரத்தத் தூக்கிக் காட்டிட்டுல்லா. அது போதும்.”

பணம் ராத்திரியே வந்துவிட்டது. அத்தை ரசீது அடித்தார். நகல் கோயில் ஃபைலுக்கு வேண்டும் என்றார். மாமா எழுந்து வந்து, பிரிண்டரை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இதில் கார்பன் பேப்பரை எந்தப் பக்கமாகச் செருக வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.