மிருசுவிலில் ஒரு கிணற்றடித் தென்னை

ஏ9 வீதியில் பளையைத் தாண்டினால் பனைகளுக்கு நடுவே தென்னந்தோட்டங்களும் கூடவே வரும். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்கு நான் போனது அந்தத் தென்னைகளுக்காகத்தான்.

மிருசுவிலில் நண்பரின் பெரியப்பா வளவு. "கிணத்தடி மரத்திலை குடிச்சுப் பாருங்கோ தம்பி" என்று ஐயா ஒரு இளநீரைச் சீவித் தந்தார். செவ்விளநீருக்குக் கொஞ்சமும் குறையாத இனிப்பு, அதுவும் நெட்டை மரத்தில்! "இதின்ரை தேங்காயைத்தான் முளைக்க வச்சு வேலியோரம் முழுக்க நட்டனான். ஒண்டும் இதுபோல வரேல்லை" என்றார். அந்த ஆதங்கத்துக்குக் காரணம் உண்டு.

நெட்டைத் தென்னையின் ஒரு பாளையில் ஆண் பூக்கள் முதலில் விரிந்து உதிர்ந்துவிடும். பெண் பூக்கள் அதன் பிறகுதான் மகரந்தத்தை ஏற்கும். ஆகவே தகப்பன் பெரும்பாலும் அயல் வளவு மரம். அதிலும் எனக்கு வியப்பானது, நாம் குடிக்கும் நீரும் சுரண்டித் தின்னும் வழுக்கையும் கருவுக்காகச் சேர்ந்த உணவு என்பதுதான். அதில் மரபுப் பொருள் தாயிடமிருந்து இரண்டு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு. தாய்லாந்தின் வாசனை இளநீரில் இதைக் கண்கூடாகக் காணலாம்: வாசனையில்லாத இனத்தின் மகரந்தம் சேர்ந்தால், அதே மரத்துக் காயிலேயே மணம் போய்விடும். அந்த மணத்துக்கு ஒரே மரபணுவின் குறைபாடு போதும். இனிப்பு அப்படியில்லை, பல மரபணுக்கள் கூடித் தீர்மானிப்பது. வயதும் சேர்ந்துகொள்ளும், ஏறக்குறைய 6, 7 மாதக் காயில்தான் இனிப்பு உச்சம். முற்ற முற்ற நீரில் சர்க்கரை குறைந்து பருப்பு தடிக்கும்.

இலங்கையில் தென்னை ஆராய்ச்சி 1929இலேயே தொடங்கிவிட்டது. குட்டையையும் நெட்டையையும் கலந்து சீக்கிரம் காய்க்கும் கலப்பினங்கள் லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தன. ஆனால் நெடுங்காலம் மரத்தைத் தெரிந்தெடுத்தது காய் எண்ணிக்கையையும் கொப்பறா எடையையும் பார்த்துத்தான். நெட்டை காய்க்கவே 6, 7 வருடமாகும், பதியன் போடவும் முடியாது. அதில் சுவையையும் சேர்த்துப் பார்ப்பது பொறுமையான வேலை. இருந்தும் பார்க்கத்தான் வேண்டும் என்பேன். இலங்கையில் நவசி என்றொரு தென்னை இருக்கிறது, அதன் இளங்காயின் மட்டையையே கடித்துத் தின்னலாம். இனிமைக்கான மரபு நம் மண்ணிலேயே இருக்கிறதே!

புறப்படும் முன் ஐயா கேட்டார், "அப்ப என்ன செய்யிறது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குடிக்க மட்டும் என்றால் செவ்விளநீர் நடுங்கள். அது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் பிள்ளையும் தாயைப் போலவே வரும். நெட்டைதான் வேண்டுமென்றால் தனித்து நிற்கும் ஒற்றை மரத்தை நம்பி விதைத்தேங்காய் எடுக்காதீர்கள். சுற்றிலும் நல்ல மரங்கள் நிற்கும் தோட்டத்தின் நடுவிலிருந்து எடுங்கள், தகப்பனும் நல்லதாக அமைய வாய்ப்புண்டு.

"ஓம், அது சரிதான்" என்றவர், கொடிகாமம் பக்கம் அப்படியொரு தோட்டம் இருக்கிறதென்று வழி சொல்லத் தொடங்கினார்.