பெரியப்பாவும் 28 பிளக்குகளும்

கொழிஞ்சாம்பாறையில் பெரியப்பாவை எல்லோரும் ‘பைலட்’ என்றே அழைக்கிறார்கள். அவருக்கு அது பிடிக்காது. “நான் என்ஜின் ஃபிட்டர்” என்று டீக்கடையில் ஒவ்வொரு முறையும் திருத்துவார். யாரும் கேட்பதில்லை.

1971 போரில் கிழக்கு முனையில் மி-4 ஹெலிகாப்டர் பிரிவில் இருந்தவர். இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஆசுகஞ்சில் மேக்னா ஆற்றுப் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. இந்தியப் படையை நடத்திய ஜெனரல் சகத் சிங் அதற்காக நிற்கவில்லை. டிசம்பர் 9 முதல் வீரர்களை ஹெலிகாப்டர்களில் ஏற்றி அக்கரையில் ராய்ப்புராவில் இறக்கினார்கள். இரவிலும் பறந்தார்கள். ஒரே வாரத்தில், 16ஆம் தேதி, டாக்கா சரணடைந்தது.

இதையெல்லாம் நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பெரியப்பாவிடம் கேட்டால் ஸ்பார்க் பிளக் புராணம்தான்! மி-4க்கு என்ஜின் மூக்கில் இருக்கும். விமானிகள் அதற்கு மேலே உட்கார்ந்திருப்பார்கள். 14 சிலிண்டர், 28 பிளக். பிளக்கைக் கழற்ற, சூடு ஆறும்வரை பொறுக்க நேரமேது, விரல் நுனி வெந்துபோகும் என்பார். குண்டு, துப்பாக்கி எல்லாம் துருவிக் கேட்டால் மட்டுமே வரும். தொலைக்காட்சியில் மேசையைத் தட்டிப் போர் பேசுகிறவர்களைவிட இவரை நம்பலாம் என்று தோன்றுகிறது.

விமானப்படைத் தளம் இருக்கும் சூலூர்ப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் வந்தால் தலையைக்கூடத் தூக்க மாட்டார். “டர்பைன்” என்பார், கொஞ்சம் இளக்காரமாக. சிலிண்டரும் 28 பிளக்கும் இல்லாத என்ஜின் அது.