பொம்மியின் கண்ணில் நீர் இல்லை

மீனாட்சிபுரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் வீடு. தபால் முகவரி பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். சந்தைக்கும் உரத்துக்கும் துணிமணிக்கும் நாங்கள் போவது பொள்ளாச்சி. வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் ஆவணி வரை ஓயாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த ஓர் இடத்தில்தான் பெரிய வாசல் இருக்கிறது. கடற்காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் எங்கள் தோப்புக்குள் வந்து விழுகிறது. பக்கத்தில் தேங்காய் நார் பிரிக்கும் இரண்டு மஞ்சி மில்கள். காற்றடிக்கும் நாளில் நார்த்தூள் திண்ணையில் படியும், துவைத்த துணியில் படியும், கண்ணிலும் விழும். அதனால் 2023 மே மாதம் பொம்மியின் கண் சிவந்தபோது வீட்டில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. தூசி விழுந்திருக்கும் என்றோம்.

பொம்மிக்கு அப்போது ஐந்து வயது. காக்கர் ஸ்பானியல் இன நாய். கோவையில் இருக்கும் என் தங்கை குட்டியாகக் கொடுத்தது. என் அத்தை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கண்ணு, இங்கே வா" என்பார். கொங்கு நாட்டில் பிள்ளைகளைக் கூப்பிடும் சொல் அது.

முதலில் காலையில் மட்டும் கண்ணோரத்தில் பீளை இருந்தது. கொதிக்கவைத்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் மதியத்துக்குள் மறுபடி கட்டத் தொடங்கியது. மஞ்சளும் பச்சையும் கலந்த பசை. பஞ்சால் இழுத்தால் நூல் போல நீண்டு வரும். இந்த நூலை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அது என்ன சொல்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

அருகிலிருந்த கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். கண்ணில் கிருமித் தொற்று என்றார், சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் கண் தெளிந்தது. மருந்தை நிறுத்திய பத்தாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. வேறொரு சொட்டு மருந்து, மறுபடி தெளிவு, மறுபடி பீளை. மூன்று முறை இப்படி நடந்தது. மருந்து வேலை செய்கிறது, நாங்கள்தான் சரியாகப் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு நான்காவது புட்டியையும் வாங்கினேன்.

இதற்கிடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கள் இறக்க வருபவர் இளநீர் விடச் சொன்னார். பக்கத்து வீட்டில் தாய்ப்பால் என்றார்கள். அத்தை நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு எடுத்துக்கொண்டு வந்தார். அவர் காலத்தில் கண்ணுக்கு அதுதான் மருந்து. இரண்டு நாள் நானே அந்தச் சாற்றை விட்டேன். பொம்மி தலையை உதறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பூக்கிண்ணத்தைப் பார்த்ததுமே வாலை ஒடுக்கினாள். நிறுத்திவிட்டேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. வீட்டில் பிழிந்த எந்தச் சாற்றையும் ஒரு கண்ணில் விடாதீர்கள், அது நாயின் கண்ணானாலும் சரி, குழந்தையின் கண்ணானாலும் சரி.

அடுத்துப் போன இடத்தில்தான் உண்மையான கேடு நடந்தது. கண்ணைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, ஒவ்வாமை என்று சொல்லி, ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கொடுத்தார்கள். எந்தச் சோதனையும் செய்யவில்லை. இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது, எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். பன்னிரண்டாம் நாள் காலையில் பொம்மி வலது கண்ணைப் பாதி மூடியபடியே சாப்பிட்டாள். வெயிலுக்கு வர மறுத்தாள். முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் அவளை மடியில் கிடத்தி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எங்கள் ஜன்னலுக்கு ஐந்து கம்பிகள். நல்ல கண்ணில் அந்த ஐந்தின் பிம்பமும் பிசிறில்லாமல் தெரிய வேண்டும். பொம்மியின் இடது கண்ணில் கம்பிகள் கலங்கித் தெரிந்தன. வலது கண்ணில் ஒரு வெளிச்சத் திட்டுதான் இருந்தது, கம்பி ஒன்றுகூட இல்லை. பல நாள் துடைக்காத கண்ணாடி போல இருந்தது அந்தக் கண். இவ்வளவு பீளை வழிந்த கண்ணில் ஈரமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓணம் முடிந்த வாரம் திருச்சூரை அடுத்த மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், வாடகைக் கார்தான். விடியற்காலை கிளம்பிப் பாலக்காடு தாண்டி, குதிரான் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது பொம்மி இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்தாள். இருட்டு அவளுக்கு இதமாக இருந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் மறுபடி இடுக்கிக்கொண்டாள்.

பார்த்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். "பீள எத்ர நாளாயி?" என்று கேட்டார். எங்கள் ஊரில் இரண்டு மொழியும் ஒரே திண்ணையில் புழங்குவதால் மலையாளம் எனக்குச் சிரமமில்லை. ஆனாலும் நோயின் பெயர்கள் இடையில் வந்து பயமுறுத்தும் இடத்தில், பீளை என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் தைரியம் கொடுத்தது. நாலு மாதம் என்றேன். வழக்கம் போலப் பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார். துடைக்கவும் கூடாது, சொட்டு விடவும் கூடாது, முதலில் ஒன்று அளக்க வேண்டும் என்றார்.

உறையிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்தார். அரை சென்டிமீட்டர் அகலம், சுண்டுவிரலைவிடச் சற்றுக் குறைந்த நீளம், மேலே மில்லிமீட்டர் கோடுகள். நுனியை மடக்கிக் கீழ் இமைக்குள் செருகினார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். கண்ணீர் ஊறிய தூரம் வரை காகிதத்தில் நீலம் ஏறும். நான் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கிளம்பியது, நின்றுவிட்டது. வலது கண் 4 மில்லிமீட்டர், இடது கண் 7. ஆரோக்கியமான நாய்க்கு 15 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், 10க்குக் கீழே போனால் வறட்சி, 5க்குக் கீழே கடுமையான வறட்சி என்று அவர் சொன்னார். இதற்கு ஷிர்மர் சோதனை என்று பெயர். ஒரு காகிதப் பட்டை, ஒரு நிமிடம். நாலு மாதத்தில் யாரும் இதைச் செய்யவில்லை.

பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாயத்தை விட்டு, அறையை இருட்டாக்கி, நீல விளக்கை அடித்தார். வலது கண்ணின் கருவிழியில் கடுகளவு இடம் பச்சையாக மின்னியது. அங்கே மேல்தோல் போய்விட்டது, புண் என்றார். கையோடு கொண்டுபோயிருந்த புட்டிகளை ஒவ்வொன்றாக வாசித்தவர், ஸ்டீராய்டு புட்டியைத் தனியே எடுத்து ஓரமாக வைத்தார். புண் இருக்கும் கருவிழியில் ஸ்டீராய்டு விழுந்தால் புண் ஆறாது, ஆழமாகும், கண்ணே ஓட்டையாகிப் போகலாம். அதனால்தான் இந்த மருந்தைக் கொடுப்பதற்கு முன் சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். சிவந்த கண்ணுக்கு வீட்டில் கிடக்கும் பழைய புட்டியை எடுத்துப் போடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நாய் கண்ணை மூடியே வைத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

அப்புறம் அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன். கண்ணீரில் எண்ணெய், நீர், கோழை மூன்றும் இருக்கின்றன. பொம்மியின் உடம்பே அவளுடைய கண்ணீர்ச் சுரப்பிகளை எதிரி என்று நினைத்து அழிக்கத் தொடங்கியிருந்தது. நீர் குறையக் குறைய, கண் தன்னைக் காத்துக்கொள்ளக் கோழையைக் கூட்டுகிறது. நான் தினமும் இழுத்த அந்த நூல் அதுதான். கழுவிவிட நீர் இல்லாத கண்ணில் கிருமி குடியேறாமல் என்ன செய்யும்? சொட்டு மருந்து கிருமியைக் கொன்றது, சில நாள் தெளிந்தது. நீர் வரவில்லை, அதனால் கிருமி திரும்ப வந்தது. காற்றும் மஞ்சித்தூளும் துன்பத்தைக் கூட்டின, ஆனால் தொடக்கம் அங்கே இல்லை.

நிறையக் கேள்விகள் கேட்டார். குட்டியில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்ததா? சல்ஃபா வகை மாத்திரை நீண்ட நாள் கொடுத்தீர்களா? மூக்கோரம் சிவப்பாகச் செர்ரிப் பழம் போலப் பிதுங்கி, அதை வெட்டி எடுத்தீர்களா? மூன்றுமே கண்ணை வறளச் செய்யக்கூடியவை. பிதுங்குவது மூன்றாவது இமையில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி, அதை வெட்டக் கூடாது, உள்ளே தள்ளித் தைக்க வேண்டும் என்று சொன்னார். பொம்மிக்கு மூன்றும் இல்லை. உண்ணிக் காய்ச்சலும் கண்ணைத் தாக்கும் என்று ரத்தமும் எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. இவளுடைய இனத்துக்கு இந்த நோய் அதிகம் வரும் என்றார். பக், ஷிட்சு, லாசா ஆப்சோ, புல்டாக் வளர்ப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கோவையிலும் பாலக்காட்டிலும் இப்போது வீட்டுக்கு வீடு பக் இருக்கிறது. எத்தனை வீடுகளில் பீளையை மட்டும் துடைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

முதலில் புண் ஆற வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஸ்டீராய்டு இல்லாத ஆன்டிபயாடிக் சொட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை செயற்கைக் கண்ணீர், கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. செயற்கைக் கண்ணீர் என்பது மனிதர்களின் வறண்ட கண்ணுக்கு விற்கிற அதே கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் சொட்டுதான். கூம்போடு அவள் கதவு நிலையில் இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியாமல் அத்தை கழற்றிவிடச் சொன்னார். கழற்றவில்லை. இரவில் நானும் வீட்டுக்காரரும் முறை வைத்து எழுந்தோம். பன்னிரண்டாம் நாள் மறுபடி மண்ணுத்தி போனோம். சாயம் விட்டார்கள், பச்சை எங்கும் தெரியவில்லை.

அதன் பிறகு சைக்ளோஸ்போரின். சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களுக்கு உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து இது. கண்ணில் சொட்டாக விட்டால் சுரப்பியின் மேல் நடக்கும் தாக்குதலை அடக்குகிறது. பலன் தெரிய வாரங்கள் ஆகும் என்று முன்பே எச்சரித்திருந்தார். இருந்தும் நாலாவது வாரம் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. காலையில் பீளை அப்படியே இருந்தது. ஆறாவது வாரம் குறைந்தது. எட்டாவது வாரம் பட்டை வைத்துப் பார்த்தபோது இடது கண் 13, வலது கண் 7. வலது கண்ணுக்கு மட்டும் அதே வேலையைச் செய்யும் டாக்ரோலிமஸ் களிம்புக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து அது 11 ஆனது. அதற்கு மேல் ஏறவில்லை.

மருந்து போடும் கலை எனக்குக் கைவர ஒரு மாதம் பிடித்தது. முன்னால் நின்று புட்டியைக் காட்டினால் எந்த நாயும் ஓடும். திண்ணை மூலையில் அவளை என் முழங்கால்களுக்கு நடுவே, எனக்கு முதுகு காட்டி உட்காரவைப்பேன். இடது கையால் மோவாயைத் தூக்கி, வலது கையை உச்சந்தலை வழியாகக் கொண்டுவந்து, மேல் இமையைப் பெருவிரலால் லேசாக விலக்கி ஒரு சொட்டு. புட்டி நுனி கண்ணில் படக்கூடாது. முதலில் பீளையைத் துடைக்க வேண்டும், பிறகு சொட்டு, பத்து நிமிடம் கழித்துத்தான் களிம்பு, ஓர் அரிசி நீளம். களிம்பை முன்னால் போட்டால் சொட்டு உள்ளே இறங்காது. போட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முடிந்ததும் ஒரு சிறு தேங்காய்ச் சில்லு. இப்போது சில்லுக்காகவே ஆறு மணிக்கு அவள் திண்ணை மூலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

முகத்து முடியைக் கண் ஓரத்தில் ஒட்ட வெட்டி வைக்கிறேன். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படும் இடத்தில் படுக்க விடுவதில்லை. காரில் தலையை வெளியே நீட்டுவது அவளுக்கு உயிர், அதையும் நிறுத்தியாகிவிட்டது.

மருந்து ஆயுள் முழுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது நான் முழுதாக நம்பவில்லை. சென்ற ஆண்டு உடுமலையில் ஒரு கல்யாணம், நாலு நாள் போக வேண்டியிருந்தது. வீட்டில் விட்டுவந்த பையனுக்குப் பொம்மி பிடி கொடுக்கவில்லை, அவனும் பயந்து சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு கண்ணிலும் நூல். அன்றிலிருந்து அத்தையும் மருந்து போடக் கற்றுக்கொண்டார். எழுபத்திரண்டு வயதில், கண்ணாடி போட்டுக்கொண்டு, "கண்ணு, ஆடாதே" என்று சொல்லிச் சொல்லி, என்னைவிடத் துல்லியமாகச் சொட்டு விடுகிறார்.

வலது கண்ணின் மூக்கோரம் கருவிழியில் ஒரு கறுப்புத் திட்டு படர்ந்து நின்றுவிட்டது. பல மாதம் வறண்டு உரசியதன் தழும்பு அது, போகாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பந்தை உருட்டினால் ஒரு கணம் தாமதமாகத்தான் பார்க்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் ஜன்னலோரம் மடியில் கிடத்திப் பார்த்தேன். இடது கண்ணில் ஐந்து கம்பிகளும் தெரிந்தன, பின்னால் ஆடுகிற தென்னை ஓலையோடு. வலது கண்ணில் மூன்று.