மந்த்ராலயத்தில் ராயர் ஆராதனை: முறை தெரிந்து போய்வர

ஆவணி அவிட்டத்தன்று பூணூல் மாற்றி, மறுநாள் காயத்ரி ஜபம் முடிந்தால், அதற்கு அடுத்த நாள் ராகவேந்திர சுவாமிகளின் மத்திய ஆராதனை. யஜுர்வேதிகளின் ஆவணி அவிட்டம் பௌர்ணமியில் வருவதால் பெரும்பாலும் இந்தக் கணக்கு பொருந்திவிடும். சிராவண மாதத் தேய்பிறைப் பிரதமை பூர்வ ஆராதனை, துவிதியை மத்திய ஆராதனை, திருதியை உத்தர ஆராதனை. 2025-ல் இவை ஆகஸ்ட் 10, 11, 12 தேதிகளில் வந்தன. சில வருடங்களில் ஆடிக் கடைசியிலேயே வந்துவிடும் என்பதால், ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்தால் ஆராதனை கடந்து போயிருக்கும். திதி பார்த்துத்தான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

புவனகிரியில் பிறந்து, கும்பகோணத்தில் சுதீந்திர தீர்த்தரிடம் பயின்று, 1621-ல் தஞ்சாவூரில் சந்நியாசம் ஏற்ற வேங்கடநாதர்தான் ராயர். துங்கபத்திரைக் கரையில் மாஞ்சாலை என்ற சிற்றூரில், அதாவது இன்றைய மந்த்ராலயத்தில், 1671-ல் அவர் ஜீவனோடு பிருந்தாவனப் பிரவேசம் செய்த, அதாவது உயிரோடு சமாதிக்குள் அமர்ந்த திதி இந்தத் துவிதியை. ராயர் இன்றும் உள்ளே இருந்து அருள்கிறார் என்பதே நம்பிக்கை. அதனால் மூன்று நாளும் மங்கள வாத்தியம், அபிஷேகம், தேர் என்று முழுக்க முழுக்க உற்சவம்தான்.

சென்னையிலிருந்து ராய்ச்சூர் வழியாக மும்பை செல்லும் ரயில்களில் ‘மந்த்ராலயம் ரோடு’ நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஊருக்குச் சுமார் 16 கி.மீ. பேருந்தும் ஆட்டோவும் உண்டு. ஆராதனை நாட்களில் ஆட்டோக் கூலி ஏறிவிடும், பேசிக்கொண்டு ஏறுங்கள். தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதி செய்யாமல் குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போக வேண்டாம்.

தரிசனம் ஆற்றில் தொடங்குகிறது. கோடையில் பாறை தெரியக் கிடக்கும் துங்கபத்திரை, ஆகஸ்டில் வேறு நதி. மேலே ஹொசபேட்டை அணையில் மதகு திறந்தால் இங்கே படித்துறை முழுகிவிடும். பாறைகளுக்கிடையே பள்ளமும் இழுவையும் இருப்பது மேலே நின்று பார்த்தால் தெரியாது. தடுப்புக் கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாலும் தீர்த்தம் தீர்த்தமே.

அடுத்து மாஞ்சாலம்மன். ஊரின் காவல் தெய்வம் அவள். ராயரே அவளிடம் அனுமதி பெற்றுத்தான் இங்கே அமர்ந்தார் என்பது மரபு. ஆகவே அம்மனை வணங்கிவிட்டுத்தான் பிருந்தாவனம். கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் நேரே ராயர் வரிசையில் போய் நிற்பவர்கள் அதிகம். அம்மன் சந்நிதி பக்கத்திலேயே இருக்கிறது, சிறிது நேரம்தான் ஆகும். விட்டுவிடாதீர்கள்.

ஆண்கள் சட்டை, பனியனைக் கழற்ற வேண்டும். வேட்டி, அங்கவஸ்திரம் இருந்தால் சேவைக்கும் தடையிராது. பெண்களுக்குப் புடவையோ, துப்பட்டாவோடு சுடிதாரோ சரி.

உள்ளே ராயரின் பிருந்தாவனம், அதற்கு எதிரே அவரை நோக்கியபடி ஆஞ்சநேயர். பக்கத்தில் இன்னொரு பிருந்தாவனம் இருக்கிறதே, அது பின்னாளில் பீடத்தில் இருந்த வாதீந்திர தீர்த்தருடையது. ஆதோனி திவான் வெங்கண்ணா ராயருக்கென்று முதலில் செதுக்க வைத்த கல் அதுதான் என்றும், ‘அது பின்னால் வருபவருக்கு’ என்று ஒதுக்கிவிட்டு மாதவரத்துப் பாறையைத் தமக்கு ராயர் கேட்டு வாங்கினார் என்றும் சொல்வார்கள். அங்கும் ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு நகருங்கள்.

மூன்று நாளில் ஒன்றுதான் முடியும் என்றால் எதற்குப் போவது? மத்திய ஆராதனையன்று பிருந்தாவனத்துக்கு மகா பஞ்சாமிருத அபிஷேகம். திருமலையிலிருந்து சீனிவாசனின் சேஷ வஸ்திரமும் வருகிறது. உத்தர ஆராதனையன்று வசந்தோற்சவமும் மகா ரதோற்சவமும். இரண்டு நாளும் நெரிசல் கடுமை. பிருந்தாவனத்தின் முன் இரண்டு நிமிடமாவது நிற்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பூர்வ ஆராதனையே நல்லது. தேர் பார்க்க வேண்டும் என்றால் உத்தர ஆராதனை. அன்று வண்ணப்பொடி தூவுவார்கள் என்பதால் பட்டு உடுத்த வேண்டாம். அங்கப்பிரதட்சிணம் வேண்டிக்கொண்டவர்கள் ஆராதனைக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய் விடியற்காலையில் முடிப்பது மேல்.

வீட்டில் ஆராதனை செய்பவர்கள் தவறுவது நைவேத்தியத்தில். சமைத்ததை ராயர் படத்துக்கு முன் நேரடியாக வைத்துவிடுகிறார்கள். மத்வ சம்பிரதாயத்தில் அப்படிக் கிடையாது. மடத்திலும் முதலில் மடத்தின் பூஜா மூர்த்தியான மூலராமருக்குப் பூஜை, நைவேத்தியம். ராமருக்கு ஆனதுதான் ஹஸ்தோதகமாக ராயருக்குப் போகிறது. தம் ராமனுக்குப் படைக்காத எதையும் ராயர் ஏற்பாரா? ஆகவே துளசி இட்டு முதலில் விஷ்ணுவுக்கு, அந்தப் பிரசாதத்தைப் பிறகு ராயருக்கு, அதன்பின் மங்களாரத்தி.

இன்னொன்று தயிர். ஆராதனை சாதுர்மாஸ்யம் என்னும் நான்கு மாத விரத காலத்துக்குள், தயிரை விலக்கும் ததி விரத மாதத்தில் வருகிறது. வியாழக்கிழமை வழக்கமாகத் தயிர்சாதம் படைக்கும் வீடுகளில் இந்த நாளிலும் அதையே செய்துவிடுகிறார்கள். விரதம் காப்பவர்களுக்குத் தயிர் இப்போது இல்லை. பாயசம், ஹயக்ரீவ மட்டி (கடலைப்பருப்பு, வெல்லம் சேர்த்த இனிப்பு), எலுமிச்சை சாதம் போதும். வெங்காயம், பூண்டு கூடாது.

‘பூஜ்யாய ராகவேந்த்ராய’ சுலோகம் எல்லோருக்கும் தெரியும். ராயரின் சீடர் அப்பணாசாரியாரின் ‘ஸ்ரீ பூர்ணபோத’ ஸ்தோத்திரத்தையும் அன்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். வெள்ளத்தில் நீந்தி, இதைச் சொல்லிக்கொண்டே அவர் வந்து சேர்வதற்குள் பிருந்தாவனம் மூடப்பட்டுவிட்டது. துக்கத்தில் அவர் நிறுத்திய இடத்தை, ‘ஸாக்ஷீ ஹயாஸ்யோத்ர ஹி’ (இதற்கு ஹயக்ரீவரே சாட்சி) என்று உள்ளிருந்து ராயரின் குரல் நிறைவு செய்தது என்பது பக்தர்கள் போற்றும் வரலாறு. அப்பணாசாரியார் வாழ்ந்த பிச்சாலி, கர்நாடகக் கரையில் ராய்ச்சூர் மாவட்டத்தில் இருக்கிறது. ராயர் தவமிருந்த பஞ்சமுகி ஆஞ்சநேயர் கோயிலும் அக்கரையில்தான். இரண்டையும் ஒரே வண்டியில் அரை நாளில் பார்த்துவிடலாம். ஆனால் தேரன்று ஊருக்குள் வண்டி நகராது. உத்தர ஆராதனைக்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.