கடைசி பெஞ்சு வரை ஒரு யுகுலேலே

போன வருடம் கேரல் ஆராதனை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ வாசித்தது கண்ணுக்குத் தெரிந்தது ராஜா. காதுக்குத்தான் ஒன்றும் வரவில்லை" என்றார்கள்.

அத்தை எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்கள். குறை சொல்லும் எண்ணம் அவர்களுக்குக் கிடையாது, உள்ளதைச் சொன்னார்கள். மூன்று மாதம் பழகிய பாட்டு அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நடந்தது இதுதான். பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருபத்தாறு பேர். கீபோர்டும் கிட்டாரும் நேராக மிக்சருக்குப் போகின்றன. டிரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை. குட்டிக் கிட்டார் போன்ற என் யுகுலேலேக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டில், பாடுவதற்குப் பயன்படும் சாதாரண டைனமிக் மைக் ஒன்றை ஓர் அடி தள்ளி வைத்திருந்தார்கள். ஒருவர் தனியாகப் பாடிய பல்லவி வரை எல்லாம் நன்றாகவே கேட்டது. குழு முழுவதும் சேர்ந்ததும் நான் காணாமல் போனேன். மைக் செட் அண்ணாச்சி ஒலியைக் கூட்டினார், ஸ்பீக்கர் ஊளையிட்டது. குறைத்தார், மறுபடியும் காணாமல் போனேன்.

1879-இல் போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து கப்பலேறி ஹவாயின் ஹொனலுலுவில் இறங்கிய தச்சர்கள், தங்கள் ஊர்க் கருவியை வைத்து உருவாக்கியதுதான் யுகுலேலே. மடியில் வைத்து, பக்கத்தில் இருப்பவர்களோடு பாடுவதற்கென்று பிறந்தது. என்னுடையது கான்சர்ட் அளவு: தந்தியின் நீளம் 38 சென்டிமீட்டர், மொத்த எடை அரைக் கிலோ. நைலான் தந்தி நான்கு. டிரம்ஸுக்குப் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டுத் தானாகக் கேட்கும் என்று எதிர்பார்த்தது என் அறியாமை.

முதலில் மைக்கையே சரிசெய்து பார்ப்போம் என்று தொடங்கினேன். வார நாள் ஒன்றில் அனுமதி வாங்கி, காலியாக இருந்த கோயிலில் அண்ணாச்சியோடு ஒரு மதியம் முழுவதும் செலவழித்தேன். மைக்குக்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கிறது. ஓர் அடியை அரை அடியாக்கியதிலேயே தெளிவான வித்தியாசம் தெரிந்தது. ஒலித்துளைக்கு நேராக வைத்தால் குடத்துக்குள் பேசுவது போலக் குமுறியது. கழுத்து உடலோடு சேரும் இடத்தை, அதாவது 12-ஆம் மெட்டுப் பக்கத்தைப் பார்த்து வைத்தபோது தந்தியும் மரமும் சமமாகக் கேட்டன. பிறகு நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய சிறிய கண்டென்சர் மைக்கைப் பொருத்தினோம். விரல் தந்தியை விட்டு எழும்பும் ஓசைகூட ஸ்பீக்கரில் வந்தது. என் கருவிக்கு இவ்வளவு அழகான குரல் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மைக்கைக் குழுவுக்கு நடுவில் வைத்தபோது, யுகுலேலேயோடு சேர்த்து ஆல்டோ பாடும் நான்கு பேரையும் டிரம்ஸின் தட்டுகளையும் அது அள்ளிக்கொண்டது. நான் அசைந்தால் ஒலியும் கூடிக் குறைந்தது. மைக்கின் மீது தவறில்லை. அது காதுபோல, யாருக்குச் சத்தம் அதிகமோ அவரைத்தான் அதிகம் கேட்கும்.

எங்கள் தெருவில் வீணை கற்றுக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். வீணையும் மெல்லிய குரல் கொண்ட வாத்தியம்தான்; சபையில் அதைக் கேட்க வைப்பதற்கு வீணைக் கலைஞர்கள் எத்தனையோ வருடங்களாக வழி தேடி வந்திருக்கிறார்கள். டீச்சர் தன் பெட்டியிலிருந்து, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கித் தரும் காந்தப் பிக்கப் ஒன்றை எடுத்துத் தந்தார். "இதைத் தந்திக்குக் கீழே வைத்துப் பாருங்கள் தம்பி, என் வீணைக்கு அருமையாக வேலை செய்கிறது" என்றார். வைத்து, ஆம்ப்ளிஃபையரைத் திருகிக்கொண்டே போனேன். லேசான இரைச்சல் மட்டும் வந்தது. டீச்சர் ஒரு தந்தியை நகத்தால் சுண்டிப் பார்த்தவர், "அட, இது நைலான் அல்லவா!" என்றார். காந்தப் பிக்கப்புக்கு இரும்புத் தந்தி வேண்டும். இரும்பு அதிரும்போதுதான் காந்தப்புலம் மாறிக் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. நைலானை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. "அப்படியானால் உங்களுக்குக் கான்டாக்ட் மைக்தான் சரி. குதிரைக்குப் பக்கத்தில் ஒட்டுவார்களே, அது" என்றார் டீச்சர். யுகுலேலேயில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைக் குதிரை என்று முதலில் சொன்னது அவர்தான். அன்றிலிருந்து எனக்கும் அது குதிரைதான்.

கான்டாக்ட் மைக் என்பது பெரும்பாலும் பீசோ. அழுத்தினாலோ அதிர்ந்தாலோ மின்னழுத்தம் தரும் ஒரு வகைப் பீங்கான். 27 மில்லிமீட்டர் பித்தளை வட்டில் மேல் வெள்ளைப் பூச்சோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி, கவசக் கம்பியைச் சால்டர் வைத்து, மேற்பலகையில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். எங்கே ஒட்டுவது என்பதற்கு நான் கண்ட வழி: ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வட்டிலைத் துளித் துளியாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் நான்கு தந்திகளையும் ஒரே வேகத்தில் மீட்டுவது. குதிரையிலிருந்து தள்ளிப் போனால் மொத்தையான 'டப்' ஓசை. குதிரைக்கு நேர் பின்னால், C தந்திக்கும் E தந்திக்கும் நடுவில் வந்தபோது தந்திகள் ஓரளவு சமமாயின.

மிக்சரில் செருகினால் சீப்பின் பற்களை நகத்தால் கீறியது போல் இருந்தது. மரத்தின் குரல் துளியும் இல்லை. விலை குறைந்த வட்டில், அவ்வளவுதான் தரும் என்று முடிவுகட்டிக் கழற்றி வைத்துவிட்டேன். அது எவ்வளவு தவறான முடிவு என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்தது, சேடிலுக்கு அடியில் பதிக்கும் பிக்கப். குதிரையின் பள்ளத்தில் நிற்கும் எலும்பு நிறப் பட்டைதான் சேடில். தந்திகள் அதை அழுத்திக்கொண்டு போகின்றன. அந்த அழுத்தத்துக்குக் கீழே மெல்லிய பீசோ பட்டை ஒன்றைப் படுக்க வைப்பார்கள். பக்கவாட்டில் சதுரமாக வெட்டிக் குமிழ்களும் 9 வோல்ட் பேட்டரியும் வைக்கும் வகையும் உண்டு. அந்தப் பேட்டரி மட்டும் 45 கிராம். அரைக் கிலோ கருவிக்கு அந்தச் சுமையும் அந்த ஓட்டையும் வேண்டாம் என்று பேட்டரி இல்லாததையே வாங்கினேன். அதற்கும்கூடக் கருவியின் பின்முனையில் ஜாக் நுழைய 12 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். கிட்டார் பழுதுபார்க்கும் அண்ணன் டிரில்லைக் கையில் எடுத்துவிட்டு, "நன்றாக யோசித்துவிட்டீர்களா? துளையை அடைக்க முடியாது" என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே மரம் அரைபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் E தந்தி மட்டும் மற்ற மூன்றிலும் பாதிதான் ஒலித்தது. சேடிலின் அடிப்புறம் மயிரிழை வளைந்திருந்தாலும் பட்டையின் எல்லா இடத்திலும் அழுத்தம் சமமாக விழாது என்பதை அண்ணனே சொல்லி, செய்யும் முறையையும் காட்டினார். கண்ணாடித் துண்டின் மேல் 400 எண் உப்புத்தாளை விரித்து, சேடிலின் அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, செங்குத்தாகப் பிடித்து மெல்லத் தேய்க்க வேண்டும். முதல் நான்கு தேய்ப்பில் இரண்டு ஓரத்துக் கோடுகள் அழிந்தன. நடுவில் இருந்தவை அப்படியே நின்றன. பள்ளம் எங்கே என்று அது காட்டிக்கொடுத்தது. எல்லாக் கோடுகளும் ஒன்றுபோல் மறையும் வரை தேய்த்தேன். பட்டையின் கனத்துக்கு ஏற்பச் சேடிலின் உயரமும் அதிலேயே குறைந்தது. தந்தியை மாட்டி மீட்டினேன். நான்கும் சமம். ஆனால் மிக்சரில் அதே சீப்புச் சத்தம்தான்.

விடை கேரல் ரவுண்ட்ஸில் கிடைத்தது. டிசம்பர் முதல் வாரம், இரவு முழுவதும் வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். வேனில் பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று. அதில் கிட்டார் என்று எழுதிய துளையில் என் கம்பியைச் செருகினார்கள். முதல் வீட்டிலேயே கீபோர்டு வாசிக்கும் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒலி உருண்டையாக, அடிநாதத்தோடு வந்தது. அதே கருவி, அதே பிக்கப், அதே கம்பி. அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே, மாறியது அந்தத் துளை ஒன்றுதான் என்று அவனிடம் சொன்னேன்.

"அண்ணே, கோயிலில் எதில் செருகினீர்கள்?" என்று கேட்டான். சவுண்ட் இன்ஜினியரிங் படித்தவன்.

"மிக்சரின் லைன் துளையில்."

"அங்கேதான் உங்கள் ஒலி போயிருக்கிறது" என்றான்.

அவன் சொன்ன விளக்கத்தை நான் எனக்குப் புரிந்த விதத்தில் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன். பீசோ என்பது ஆற்று மணலில் தோண்டிய ஊற்று. சிரட்டையால் மெல்ல மொண்டால் தெளிந்த நீர் வந்துகொண்டே இருக்கும். வாளியை முக்கினால் கலங்கல்தான். மிக்சரின் லைன் துளையின் உள்ளீட்டு மின்மறுப்பு 10 கிலோ ஓம் அளவில் இருக்கும், அது வாளி. கிட்டார் துளை 1 மெகா ஓம், அது சிரட்டை. பிக்கப்பின் மின்தேக்கும் திறனும் இந்த ஓம் கணக்கும் சேர்ந்து, எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும் என்பதை முடிவு செய்கின்றன. என் பட்டையை மீட்டரில் அளந்தபோது சுமார் 500 பிகோஃபாரட் காட்டியது. 10 கிலோ ஓமில் செருகினால் தேய்மானம் ஏறத்தாழ 32,000 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடுகிறது. காதுக்கு எட்டுவது முழுவதுமே அதற்குக் கீழேதான். கீழே போகப் போக இழப்பும் கூடும் என்பதால் அடிநாதம் செத்து, மேலே உள்ள கீச்சு மட்டும் மிஞ்சுகிறது. 1 மெகா ஓமில் அந்த எல்லை 320 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. 10 மெகா ஓமில் 32 ஹெர்ட்ஸ். யுகுலேலேயின் C தந்தி 262 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் எது வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

கோயிலில் கீபோர்டுக்கு வைத்திருந்த பாஸிவ் டிஐ பெட்டியை, அதாவது கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும், மின்சாரம் வேண்டாத பெட்டியை, முதலில் முயன்றோம். அந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் 140 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். கொஞ்சம் தேவலாம், ஆனால் போதவில்லை. பீசோவுக்கென்றே 10 மெகா ஓம் உள்ளீட்டோடு செய்த பெட்டிகள் இருக்கின்றன. ரேடியலின் பிஇசட்-டிஐ, எல்.ஆர். பேக்ஸின் பாரா டிஐ இரண்டும் அந்த வகை. பாரா டிஐ ஒன்று, ஒருவர் பயன்படுத்திய பழையது, எனக்குக் கிடைத்தது. யுகுலேலேக்குக் கொடுத்ததைவிட அதிகமாகத்தான் கொடுத்தேன். அந்தப் பணத்தை முதலிலேயே இங்கே போட்டிருக்க வேண்டும்.

பெட்டி வந்த அன்றே மேஜை டிராயரில் கிடந்த பழைய வட்டிலையும் எடுத்து ஒட்டிச் செருகிப் பார்த்தேன். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. மரம் முழுவதும் பேசியது; சேடில் பட்டையைவிட மைக்குக்கு நெருக்கமான குரல். வட்டிலின் மின்தேக்கும் திறன் 20 நானோஃபாரட் அளவு. அதற்கு 1 மெகா ஓமே தாராளம். ஆறு மாதம் அதைக் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். தொழில்முறையில் இதே வழியில், குதிரைக்கு அடியில் உட்புறமாக ஒட்டும் வட்டில்களைக் கே அண்ட் கே போன்றவர்கள் யுகுலேலேக்கென்றே செய்கிறார்கள். மரத்தின் குரலை விரும்புகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். ஆனால் டிரம்ஸோடு ஒத்திகை பார்த்தபோது சட்டைக் கை உரசுவதுகூட வட்டிலில் கேட்டது. ஒலியைக் கூட்டினால் மேற்பலகை ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிர்ந்து ஊளைக்குப் போனது. சேடில் பட்டை அந்த நெருக்கடியில் அசையாமல் நின்றது. அதன் குரலில் லேசான கூர்மை உண்டு. பெட்டியில் உச்சத்தைக் கொஞ்சம் குறைத்ததும் அடங்கியது. ஆகையால் மேடைக்குச் சேடில் பட்டை. வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வட்டில். பதிவு செய்ய அந்தக் கண்டென்சர் மைக். டிரம்ஸே இல்லாத இடத்தில் வாசிப்பவருக்குத் துளை போட வேண்டிய அவசியமே இல்லை. நல்ல மைக் ஒன்று போதும்.

ஒரு விஷயம், இது கருவியைக் காப்பாற்றும்: பிக்கப்பை, முனையை மட்டும் மாற்றும் வெறும் கன்வெர்ட்டர் வைத்து மைக் கம்பியில் இணைக்க வேண்டாம். கண்டென்சர் மைக்குக்காக மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் அதன் வழியாகத் திரும்பிப் பாயக்கூடும்.

இந்த வருட கேரல் ஆராதனைக்கு முன்தினம் அண்ணாச்சியும் நானும் தம்பியும் கடைசி ஒத்திகை பார்த்தோம். யாரும் வாசிக்காதபோது ஒலியை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், கருவி தானாக முனகத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பெட்டியின் நாட்ச் குமிழால் அந்த ஒரு சுரத்தை மட்டும் அமுக்கினோம். என் காலடியில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கரை ஓர் அடி தள்ளி வைத்தோம். பிறகு தம்பியை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இரண்டாவது சரணத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டாயே ராஜா, ஏன்?" என்று கேட்டார்கள்.

காற்றில் புரண்ட பாட்டுத் தாளைப் பிடிப்பதற்காக நான் கையை எடுத்தது நான்கே நான்கு தாளம்.

"தாள் பறந்துவிட்டது அத்தை" என்றேன்.

"அடுத்த முறை கிளிப் போட்டு வை" என்றார்கள்.